துணி இறக்கை, ஈர்க்குச்சித் தூண்: பெரம்பலூர் பள்ளிகளுக்கு ஏன் ஒரு ‘வாபிட்டி’ வேண்டும்?

அக்டோபர் 8 வந்துவிட்டால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க ரஃபேல்தான். பின்னணியில் ஒரு மாஸ் பி.ஜி.எம்., கீழே தேசியக் கொடி எமோஜி. விமானப்படை தினம் அப்படியே முடிந்துவிடும்.

ஆனால் அந்தத் தேதி எங்கிருந்து வந்தது? 1932 அக்டோபர் 8-ல்தான் இந்திய விமானப்படை அதிகாரபூர்வமாக உருவானது. அடுத்த ஆண்டு, 1933 ஏப்ரல் 1-ல், கராச்சியின் டிரிக் ரோடு தளத்தில் முதல் ஸ்குவாட்ரன் தொடங்கியது. அன்றைக்கு அதன் மொத்தப் பலம்: 6 அதிகாரிகள், ‘ஹவாய் சிப்பாய்’ என்று அழைக்கப்பட்ட 19 வீரர்கள், 4 விமானங்கள். நான்குமே மேலும் கீழுமாக இரண்டு இறக்கை கொண்ட, துணி போர்த்திய ‘வெஸ்ட்லேண்ட் வாபிட்டி’ விமானங்கள்.

இந்த வாபிட்டியை அளவு மாறாமல் சிறியதாகச் செய்து பார்ப்பதை, பெரம்பலூர், அரியலூர் மாவட்ட அரசுப் பள்ளிகளில் ஒரு பருவத்துக்கான செயல்திட்டமாகக் கொண்டுவர வேண்டும். கேட்டதும் சிரிப்பு வரலாம். அரியலூருக்கு விமான நிலையம் கிடையாது. பெரம்பலூர் நகரத்தில் ரயில் நிலையமே கிடையாது. விமானம் பார்க்க வேண்டும் என்றால் திருச்சிக்கு பஸ் ஏற வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் பழைய போர் விமானத்தின் மாடலா?

ஆமாம், அங்கேதான். காரணம், இதைச் சொல்லித்தரக்கூடிய வாத்தியார்கள் அந்த ஊரிலேயே இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் அவர்களை இதுவரை வாத்தியாராகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில், வாபிட்டி என்றால் என்ன?

வட அமெரிக்காவில் வாழும் ஒரு பெரிய மான் இனத்தின் பெயர் வாபிட்டி. பிரிட்டனின் வெஸ்ட்லேண்ட் நிறுவனம் தன் விமானத்துக்கு அந்தப் பெயரை வைத்தது. 1927-ல் முதன்முதலாகப் பறந்தது. முதல் உலகப் போர் முடிந்து மிச்சமாகிக் கிடந்த டி.எச்.9ஏ விமானத்தின் பாகங்களை முடிந்தவரை பயன்படுத்த வேண்டும் என்பது பிரிட்டிஷ் அரசு போட்ட நிபந்தனை. அதாவது, பழைய வீட்டு ஜன்னல், நிலையை எடுத்துப் புது வீடு கட்டுகிற கதை. இந்தியாவுக்கு வந்த ரகத்தில் எலும்புக்கூடு உலோகம், தோல் துணி. மூக்கில் வட்டமாக அடுக்கிய 9 சிலிண்டர் கொண்ட பிரிஸ்டல் ஜூபிடர் என்ஜின். திறந்த காக்பிட்டில் இரண்டு பேர்.

பழைய சாமான் என்று லேசாக நினைக்க வேண்டாம். முதல் ஸ்குவாட்ரன் தொடங்கிய இரண்டாவது நாள், 1933 ஏப்ரல் 3-ல், பீகாரின் பூர்ணியா பக்கத்திலிருந்து கிளம்பிய இரண்டு விமானங்கள் உலகிலேயே முதன்முறையாக எவரெஸ்ட் சிகரத்தின் மேல் பறந்தன. இரண்டுமே வெஸ்ட்லேண்ட் செய்த இரட்டை இறக்கை விமானங்கள், வாபிட்டியின் நெருங்கிய சொந்தங்கள்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் கடலோரத்தைக் கண்காணிக்கத் தனிப் பிரிவுகள் அமைக்கப்பட்டன. அதில் முதல் பிரிவு சென்னையில். அதற்குக் கொடுத்ததும் வாபிட்டிதான். இன்று இண்டிகோ இறங்குகிற பரங்கிமலைப் பக்கத்து வானத்தில் ஒரு காலத்தில் இந்தத் துணி இறக்கைகள் பறந்தன. ஒரு வாபிட்டி இப்போதும் டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

ஏன் இரண்டு இறக்கை?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் கட்டுமானப் பொறியியலில் பாதி புரிந்த மாதிரி.

நாலு குச்சியை ஆணியடித்து ஒரு சதுரம் செய்து, மூலையைப் பிடித்து அழுத்தினால் அது சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு குச்சியோ கயிறோ கட்டினால் அசையாது. கட்டட வேலையில் சாரம் கட்டும்போது குறுக்குக் கழி கொடுப்பது இதற்காகத்தான். தகரக் கதவின் பின்பக்கம் சாய்வாக ஒரு பட்டை இருப்பதும் இதற்காகத்தான்.

அன்றைய விமானமும் இதே சூத்திரம்தான். மெல்லிய ஒற்றை இறக்கை நீளமாக நீட்டினால் ஒடிந்துவிடும். எனவே மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் தூண்கள். தூண்களுக்கு இடையே பெருக்கல் குறி போல் கம்பிகள். இப்போது இரண்டு பலவீனமான இறக்கைகள் சேர்ந்து ஒரே உறுதியான பெட்டி ஆகிவிட்டன. எடையும் ஏறவில்லை.

அந்தக் கம்பிகள் சும்மா அழகுக்கு இல்லை. பறக்கும்போது காற்று இறக்கையை மேலே தள்ளும். அப்போது உடம்பின் அடியிலிருந்து மேல் இறக்கைக்குப் போகும் கம்பிகள் இழுத்துப் பிடிக்கும். தரையில் நிற்கும்போது இறக்கை தன் எடையால் கீழே தொங்கப் பார்க்கும். அப்போது எதிர்ப்பக்கமாகச் சாய்ந்த கம்பிகள் வேலை செய்யும். மாடலில் ஒரு நூலைக் கொஞ்சம் அதிகமாக இழுத்துக் கட்டினால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். பாடப்புத்தகத்தில் ‘விசை’ என்று ஒரு வரியில் வருவதை, ஏழாம் வகுப்புப் பிள்ளை தன் விரல் நுனியில் உணர்கிற இடம் அது.

1:72 கணக்கு

மாடல் உலகில் அதிகம் பேசப்படும் அளவு 1:72. நிஜத்தில் 6 அடி இருப்பது மாடலில் 1 அங்குலம். ஆறடி மனிதர் ஓர் அங்குலப் பொம்மை ஆகிவிடுவார்.

வாபிட்டியின் இறக்கை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை 14.15 மீட்டர். 1:72-ல் அது 20 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. உள்ளங்கையில் வைக்கலாம். ஆனால் இந்த அளவில் பிழைக்கு இடமே இல்லை. மேல் இறக்கை 1 மில்லிமீட்டர் தள்ளிப்போனால், நிஜ விமானத்தில் அது 7.2 சென்டிமீட்டர் கோணல். நிஜத்தில் 6 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கம்பி, மாடலில் 0.08 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு தலைமுடி.

பள்ளிக்கு இது சரிவராது. 1:24 நல்ல அளவு. இறக்கை 59 சென்டிமீட்டர். இரண்டு 30 சென்டிமீட்டர் ஸ்கேலை ஒட்டி வைத்த நீளம். நாலு பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து வேலை பார்க்கலாம். தையல் நூலே கம்பிக்குப் போதும்.

விகிதம், கோணம், அலகு மாற்றம், வரைபடம் பார்த்து வடிவத்தைப் புரிந்துகொள்வது. கணக்குப் புத்தகத்தில் வேறு வேறு பாடமாக இருக்கும் இத்தனையும் இங்கே ஒரே மேசையில் வந்து உட்காருகின்றன. கணக்கு தப்பினால் சிவப்பு மையில் பெருக்கல் குறி விழாது. இறக்கை பொருந்தாது.

அரும்பாவூர் எங்கே வருகிறது?

பச்சைமலை அடிவாரத்தில், பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது அரும்பாவூர். மரச் சிற்பத்துக்குப் பேர்போன ஊர். வாகை, மா, வேம்பு என்று மரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, சாமி சிலையிலிருந்து கோயில் வாகனம், தேர் வேலைகள் வரை செய்கிற கைகள் அங்கே உண்டு. 2020-ல் அரும்பாவூர் மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இனி ‘ஸ்கேல்’ விஷயத்துக்கு வருவோம். மரபுச் சிற்பக்கலையில் ‘தாலம்’ என்று ஓர் அளவு உண்டு. முகத்தின் நீளம் ஒரு தாலம். ஒரு தாலத்தில் 12 அங்குலம். இது கடை ஸ்கேலில் இருக்கும் அங்குலம் இல்லை. அந்தச் சிலையின் அளவுக்கேற்ப மாறும் பங்கு. நவதாலச் சிலை என்றால் 9 தாலம், மொத்தம் 108 அங்குலம். சிலை ஒரு சாண் உயரமா, ஓர் ஆள் உயரமா என்பது பிரச்சினை இல்லை. விகிதம் மாறாது.

யோசித்துப் பார்த்தால், 1:72 என்பதும் அதே சிந்தனைதான். ஒரு முழு வடிவத்தை எந்த அளவுக்குச் சுருக்கினாலும் பாகங்களின் உறவு கெடக்கூடாது. உளி பிடிக்கும் சிற்பிக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மரவேலைக்காரரும் விமானமும் என்பது வலிந்து கோர்த்த ஜோடியும் இல்லை. 1910-ல் சென்னையில் ஹோட்டல் நடத்திய டி’ஏஞ்செலிஸ் தனக்கு ஒரு விமானம் வேண்டும் என்று ஆசைப்பட்டபோது, அதைக் கட்டக் கொடுத்தது சிம்ப்சன் நிறுவனத்திடம். அன்றைக்கு சிம்ப்சன் கோச் வண்டிகள் கட்டுவதில் பெயர்பெற்ற நிறுவனம். வண்டி கட்டிய கைகள் கட்டிய விமானம் பல்லாவரத்தில் பறந்தது. முதல் உலகப் போரில் பிரிட்டனிலும் இதே கதை. மர வேலை, பர்னிச்சர் கம்பெனிகள்தான் ராத்திரி பகலாக விமானங்கள் செய்து தள்ளின. அந்தக் கால விமானம் பாதி தச்சர் சொத்து.

எதில் செய்வது?

வெளிநாட்டு பிளாஸ்டிக் கிட் வாங்கினால் செலவு ஆயிரங்களில் போய் நிற்கும். பெட்டியைத் திறந்து, நம்பர் பார்த்து ஒட்டினால் வேலை முடிந்தது. அது ஒரு நல்ல பொழுதுபோக்கு. ஆனால் அரசுப் பள்ளிக்கு அது தேவையில்லை. ஊரிலேயே பொருள் இருக்கிறது:

1. உடம்பு: சிற்பப் பட்டறையில் மிஞ்சும் லேசான துண்டு மரம். உளி வேலையை சிற்பி செய்து கொடுக்கட்டும். உப்புத்தாள் போட்டு இழைப்பது பிள்ளைகள் வேலை.

2. இறக்கையின் விலா எலும்புகள்: நெட்டி. தஞ்சாவூரில் பெரிய கோயில் மாடல் செய்யும் அதே வெள்ளைத் தக்கை. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும் 2020-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. மாடல் விமானக்காரர்கள் காசு கொடுத்து வாங்கும் பால்சா மரத்தின் வேலையை இது செய்யும். கிடைக்காவிட்டால் கல்யாணப் பத்திரிகை அட்டை போதும்.

3. இறக்கையின் முதுகெலும்பு: சீவிய மூங்கில் குச்சி. நெட்டி லேசானது, ஆனால் பாரம் தாங்காது. எதில் எடை குறையணும், எதில் பலம் வேணும் என்று பிரித்துப் பார்க்கிற முதல் பாடம் இது.

4. தூண்கள்: ஈர்க்குச்சி. வாபிட்டிக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு ஜோடி. வீட்டு விளக்குமாற்றில் உருவிக்கொள்ளலாம், அம்மா பார்க்காத நேரமாக.

5. தோல்: பட்டம் செய்யும் மெல்லிய தாள். ஒட்டி, லேசாகத் தண்ணீர் தெளித்துக் காயவிட்டால் இறுகிக்கொள்ளும். நிஜ விமானத்தில் துணிமேல் ‘டோப்’ என்ற பூச்சு பூசி இறுக்கியதும் இந்த மாதிரிதான். அதனால்தான் நிஜ இறக்கை மத்தளத் தோல் மாதிரி விறைப்பாக இருக்கும். கடையில் விற்கும் சில மாடல்களில் துணி தொய்ந்த மாதிரி பள்ளம் பள்ளமாக இருப்பது மிகை.

6. என்ஜின்: தீர்ந்துபோன பேனா ரீஃபிலை 9 துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் நூல் சுற்றினால் சிலிண்டர் ரெடி. 360 டிகிரியை 9-ஆல் வகுத்தால் 40. கோணமானியை வைத்து 40 டிகிரிக்கு ஒன்றாக ஒட்ட வேண்டும்.

கஷ்டமான கட்டம் மேல் இறக்கையை ஏற்றுவது. எட்டுத் தூணும் ஒரே நேரத்தில் சரியான இடத்தில் உட்கார வேண்டும். கையில் பிடித்துக்கொண்டே ஒட்டினால் நிச்சயம் கோணும். தெர்மாகோலில் ஒரு தாங்கி வெட்டி, அதில் இரண்டு இறக்கையையும் நிறுத்திவிட்டு, பிறகு ஒட்ட வேண்டும். தொழிற்சாலையில் இதை ‘ஜிக்’ என்பார்கள். ஒரு பொருளைச் செய்வதற்கு முன் அதைச் செய்வதற்கான கருவியைச் செய்ய வேண்டும் என்பதை, நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்தும் கையால் ஒருமுறைகூடத் தொடாமல் வெளியே வருகிறவர்கள் எத்தனையோ பேர்.

‘போர் விமானத்தை ஏன் பிள்ளைகள் கையில் கொடுக்கணும்?’

நியாயமான கேள்வி. மழுப்பக் கூடாது.

வாபிட்டி ஓர் அப்பாவி விமானம் இல்லை. பிரிட்டிஷ் ஆட்சி அதை வடமேற்கு எல்லையில் பழங்குடி மக்களை அடக்கப் பயன்படுத்தியது. முதலில் எச்சரிக்கைத் துண்டுத்தாள், அப்புறம் கிராமத்தின் மேல் குண்டு. இந்த நடைமுறைக்கு ‘வான்வழி போலீஸ் வேலை’ என்று ஒரு நாகரிகப் பெயரும் வைத்திருந்தார்கள். இந்திய விமானப்படையின் முதல் போர்ப் பணியே வடக்கு வஜீரிஸ்தானின் மிரான்ஷாவிலிருந்து, 1937-ல், இதே வாபிட்டியில்தான் நடந்தது. இந்தியர்கள் ஓட்டிய விமானம், ஆனால் உத்தரவு லண்டனுடையது.

இதை மறைத்துவிட்டு மாடல் மட்டும் செய்தால் அது விளையாட்டுச் சாமான்தான். ஆனால் மாடல் செய்பவருக்கு மறைக்க முடியாது. கீழ் இறக்கைக்கு அடியில் இருக்கும் கொக்கிகளை ஒட்டும்போது, “சார், இது எதுக்கு?” என்று ஒரு பிள்ளை கேட்கும். குண்டு மாட்ட. “யார் மேல போட?” அங்கே வரலாற்று ஆசிரியர் வந்தாக வேண்டும். ரஃபேல் ரீல்ஸில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை. முப்பது செகண்டில் அடுத்த வீடியோ வந்துவிடுகிறது. மூன்று மாதம் ஒரு பொருளோடு உட்காருகிறவருக்கு அதன் பெருமையும் தெரியவரும், பாவமும் தெரியவரும்.

‘3டி பிரின்டர் இருக்கே!’

இருக்கட்டும். சக்கரம், புரொப்பல்லர் மாதிரி சின்னப் பாகங்களுக்கு அது நல்ல கருவி. ஆனால் பிரின்டர் ஓர் இறக்கையை ஒரே துண்டாகத் துப்பிவிடும். உள்ளே விலா எலும்பு எதற்கு, குறுக்குக் கம்பி எதற்கு என்ற கேள்விக்கே வேலை இல்லாமல் போய்விடும். முதலில் கையால் ஒன்று. பிறகு பிரின்டரில் எத்தனை வேண்டுமானாலும்.

இன்னொரு எதிர்ப்பு சிற்பிகள் பக்கத்திலிருந்து வரலாம். ‘சாமி செதுக்குற உளியில பொம்மை விமானமா?’ இதையும் மதிக்கத்தான் வேண்டும். ஆனால் யாரும் சாமியை விட்டுவிட்டு விமானம் செய்யச் சொல்லவில்லை. புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காப்பாற்றும். அடுத்த தலைமுறையைப் பட்டறைக்குக் கூட்டிவராது. அப்பா செய்வது வெறும் கைவேலை என்று நினைக்கிற பிள்ளை, அதே அப்பா வகுப்பறையில் கரும்பலகைப் பக்கம் நின்று இறக்கையின் வளைவைச் சொல்லித்தருவதைப் பார்க்கட்டும். அந்தப் பார்வை மாறுவது சின்ன விஷயம் இல்லை. அதே நேரம், இலவச சேவையாக அவர்களைக் கூப்பிடவும் கூடாது. ஆசிரியருக்குச் சம்பளம் உண்டு என்றால் சிற்பிக்கும் உண்டு.

என்ன செய்யலாம்?

புதிதாக ஒரு திட்டம் அறிவித்து ரிப்பன் வெட்ட வேண்டியதில்லை. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை கையால் செய்து அறிவியல் கற்க ‘வானவில் மன்றம்’ ஏற்கெனவே இருக்கிறது. 2022 நவம்பரில் பக்கத்துத் திருச்சியில்தான் தொடங்கப்பட்டது. அதே அமைப்புக்குள் இரண்டு மாவட்டங்களிலும் சில பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, ஒரு பருவம், ஒரு பள்ளிக்கு ஒரு வாபிட்டி, மதிப்பூதியத்தோடு ஒரு சிற்பி என்று முயன்று பார்க்கலாம். அளவு வரைபடம் ஒன்றைத் தமிழில் பெயர் குறித்துத் தயாரித்துவிட்டால், எல்லாப் பள்ளிக்கும் அதுவே போதும்.

வேலைவாய்ப்புக் கணக்கும் உண்டு. தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் திருச்சியும் ஒரு முனையம். 2019-ல் அந்த வழித்தடம் தொடங்கப்பட்டதும் திருச்சியில்தான். அங்கே நாளைக்கு வரைபடம் பார்த்துப் பாகம் பொருத்த ஆள் எடுக்கும்போது, சிறுவயதில் ஒரு ஜிக் செய்து பார்த்த பெரம்பலூர்ப் பிள்ளைக்குத் தயக்கம் குறைவாக இருக்கும். ஒரு மாடல் வேலை வாங்கித் தந்துவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ‘இதெல்லாம் நமக்கு இல்லை’ என்ற எண்ணத்தை உடைக்க முடியும்.

வாபிட்டி முடிந்ததும் அடுத்து என்ன? அதற்கும் ஊரிலேயே பதில் இருக்கிறது. அரியலூர் மாவட்டத்தில் ‘விமானம்’ என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது பறக்கும் இயந்திரம் இல்லை. ராஜேந்திர சோழன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரம் கோயில் விமானம், சுமார் 55 மீட்டர் உயரம். அதை 1:72-ல் செய்தால் 76 சென்டிமீட்டர். பக்கத்தில் அதே அளவில் ஒரு வாபிட்டியை வைத்தால், அதன் இறக்கை கோபுரத்தின் கால்வாசியைக் கொஞ்சம் தாண்டும்.

இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கப்போகும் அந்த முதல் பள்ளி எது என்பதுதான் இப்போது மாவட்டக் கல்வி அலுவலகங்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.